விளையாட்டு மாணவர்களும் புகையிலையும்: மாட்டிக்கொண்ட பிறகு வரும் கேள்விகள்

பள்ளி அணியில் ஆடுகிற ஒரு பிள்ளை புகையிலையோடு மாட்டிக்கொண்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கோச் கத்துவார், அப்பா கையை ஓங்குவார், தலைமை ஆசிரியர் விதிப் புத்தகத்தைத் தேடுவார். பிள்ளை மட்டும் வாயைத் திறக்காது. பல வருடம் பள்ளி அணிகளோடு மைதானத்தில் நின்றவன் நான். மாணவர்கள், பெற்றோர், சக கோச்சுகள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விதியை மீறியது ஒரு விஷயம், நிகோட்டினுக்கு அடிமையானது இன்னொரு விஷயம் என்று பிரித்துப் பார்ப்பவன் நான். முதலாவதற்குத் தண்டனை வேண்டும், இரண்டாவதற்கு உதவி வேண்டும். என் பதில்கள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன.

மற்ற பையன்களும்தான் தம் அடிக்கிறார்கள். அணியில் இருக்கிறவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் தண்டனை?

பள்ளி விதி எல்லாருக்கும் உண்டு. அணிக்கு வந்தவன் அதற்கு மேல் இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வகுப்பில் உட்காருவது அவனுடைய உரிமை. பள்ளியின் ஜெர்ஸியைப் போடுவது அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வாய்ப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-ல் ஓரிகன் மாநிலத்தின் வெர்னோனியா பள்ளி வழக்கில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. விளையாட்டில் தானாக விரும்பிச் சேருகிற மாணவர், மற்றவர்களுக்கு இல்லாத சில கட்டுப்பாடுகளை எதிர்பார்த்துத்தான் வர வேண்டும் என்று சொல்லி, விளையாட்டு மாணவர்களுக்குப் பள்ளி போதைப்பொருள் சோதனை வைத்ததை ஏற்றுக்கொண்டது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அணி விதியை மீறினால் தண்டனையும் அணிக்குள்ளேயே முடிய வேண்டும். மதிப்பெண்ணில் கை வைப்பது, தேர்வு எழுத விடாமல் நிறுத்துவது, காலை வழிபாட்டில் எல்லார் முன்னாலும் நிற்க வைப்பது எல்லாம் பெரியவர்களின் கோபத்துக்கு வடிகாலாகுமே தவிர வேறொன்றுக்கும் உதவாது.

நேற்று தம் அடித்துவிட்டு இன்று ஓடினாலும் நான்தான் முதலில் வருகிறேன். அப்புறம் என்ன?

பதினாறு வயது உடம்பு நிறையத் தாங்கும். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. புகையோடு உள்ளே போகிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. அந்த அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மதிய இடைவேளையில் ஒன்று பிடித்தவன் மாலை பிராக்டிஸுக்கு வரும்போது அந்த சீட்டுகள் முழுதாகக் காலியாகியிருக்காது. நிகோட்டின் தன் பங்குக்கு இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதே வேகத்தில் ஓட உன் இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நூறு மீட்டர் ஓட்டத்தில் வெளியே தெரியாது. இரண்டாம் பாதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியும்.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், இந்த விதி இன்றைக்கு நீ ஓடும் ஓட்டத்தை மட்டும் பார்த்து எழுதியதில்லை. உள்ளே இழுத்த நிகோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். மூளையோ ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. வளரும்போது ஒட்டிக்கொண்டது லேசில் விடாது. அமெரிக்காவில் தினமும் புகைக்கிற பெரியவர்களைக் கணக்கெடுத்தால் 10-ல் 9 பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். அவர்களும் ஆரம்பத்தில் "ஒன்றே ஒன்றுதானே" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் வேப்தான் (மின்சிகரெட்) வைத்திருந்தேன். அதில் புகையே இல்லையே?

புகை இல்லை, நிகோட்டின் இருக்கிறது. சில கருவிகளில் சிகரெட்டைவிட எளிதாக, இடைவெளியே இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்க முடிகிறது. இருமல் வராததால் எவ்வளவு இழுத்தோம் என்றே தெரியாது. உதட்டுக்குள் வைக்கும் பவுச்சும், அதாவது சின்ன நிகோட்டின் பையும், அப்படித்தான். பவுச்சில் நுரையீரலுக்கு எதுவும் போகாது என்பது சரி, ஆனால் அடிமையாவது நுரையீரல் இல்லையே, மூளைதானே.

மெல்லும் புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாட்டுக்குள் அது வெகுகாலம் மரியாதையோடு உலவியது. அமெரிக்க பேஸ்பாலில் கன்னத்தில் அதை அடக்கிக்கொண்டு ஆடுவது வீரனின் அடையாளமாகவே இருந்தது. பேட்டிங்கில் பெரும் பெயர் எடுத்த டோனி க்வின் 2014-ல், 54 வயதில், உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோயால் இறந்தார். ஆட்ட நாட்களில் மென்ற புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார். சிறிய லீக்குகளில் 1993-லேயே தடை வந்துவிட்டது. பெரிய லீக்கில் 2016-ல் போட்ட ஒப்பந்தம்தான் புதிதாக வரும் ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டது.

பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் விதியில் "புகை பிடித்தல்" என்று மட்டும் இருந்தால் இன்றைக்கே மாற்றி எழுதுங்கள். "சிகரெட், வேப், பவுச், மெல்லும் புகையிலை, நிகோட்டின் உள்ள வேறெந்தப் பொருளும்" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பையன் வாதத்தில் ஜெயித்துவிடுவான். ஜெயித்தால் அது நியாயமும்கூட.

நிகோட்டின் ஊக்கமருந்துப் பட்டியலில் இல்லையே?

இல்லை. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பான வாடா 2012 முதல் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது, தடை செய்யவில்லை. ஆனால் பள்ளியின் நடத்தை விதி ஊக்கமருந்து விதியின் நகல் கிடையாது. பிராக்டிஸுக்குத் தாமதமாக வருவதும் வாடா பட்டியலில் இல்லைதான்.

பெரிய பெரிய வீரர்களே புகை பிடித்திருக்கிறார்களே?

பிடித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் கால்பந்து வீரர் யோஹான் க்ரைஃப் ஆட்ட இடைவேளையிலேயே புகைத்தவர் என்று சொல்வார்கள். அப்படியும் அவர் காலத்தில் அவர்தான் மேதை. 1991-ல் இதய அறுவை சிகிச்சை நடந்தது, அதோடு நிறுத்தினார். பிறகு புகையிலைக்கு எதிரான விளம்பரம் ஒன்றில் சிகரெட் பெட்டியைப் பந்து மாதிரி காலால் தட்டித் தட்டி, கடைசியில் உதைத்துத் தள்ளினார். 2016-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவரைக் காட்டி வாதாடுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கு வெளியே, லீவு நாளில் செய்ததற்குப் பள்ளி எப்படித் தண்டனை தரலாம்?

நீ கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது என்று முதலில் பார். "சீசன் முழுவதும், எங்கே இருந்தாலும்" என்று இருந்தால் தரலாம். "பள்ளி வளாகத்திலும் போட்டி நடக்கும் இடத்திலும்" என்று மட்டும் இருந்தால் லீவு நாள் சிகரெட் உன் வீட்டாரின் விவகாரம். தாளில் இல்லாததைக் கோச் நடுவில் புதிதாகச் சேர்க்கக் கூடாது. சட்டம் வேறு கணக்கு: புகையிலை விற்பனைக்கான வயதை இந்தியாவின் 2003 சட்டம் 18 என்று வைத்தது, ஜப்பானில் அது 20, அமெரிக்காவில் 2019 முதல் 21.

இந்தக் கேள்வி உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2024-ல். பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்களே இருந்தன. ஜப்பான் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் கேப்டன் ஷோகோ மியாட்டா, 19 வயது கல்லூரி மாணவி, மொனாக்கோவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து நாடு திரும்பினார். புகை பிடித்ததும் மது குடித்ததும் விசாரணையில் உறுதியாயிற்று. இரண்டுமே அந்த அணியின் நடத்தை விதிக்கு எதிரானவை. அவர் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார், அணி நான்கு பேரோடு ஆடியது. கேப்டனே மீறினால் எப்படி என்று ஒரு தரப்பு கேட்டது. 19 வயதுப் பெண்ணின் தோளில் இருந்த அழுத்தத்தை யாராவது பார்த்தார்களா என்று இன்னொரு தரப்பு கேட்டது.

என்னைக் கேட்டால், பொறுப்பேற்க வைத்தது சரி. ஆனால் எச்சரிக்கைக்கும் ஒலிம்பிக்கை இழப்பதற்கும் நடுவில் ஒரு படியாவது இருந்திருக்க வேண்டும். அப்படிப் படி வைக்காத விதிகளால்தான் பல கோச்சுகள் கண்டும் காணாமல் போகிறார்கள். தண்டனை அவ்வளவு பெரிதாக இருந்தால் அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

மாட்டியதும் முதலில் என்ன நடக்க வேண்டும்?

தனியாகக் கூப்பிட்டு, என்ன குற்றச்சாட்டு, யார் என்ன பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். முடிவு அதற்கு அப்புறம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-லேயே கோஸ் வழக்கில், பள்ளியிலிருந்து 10 நாள் வரை இடைநீக்கம் செய்வதற்குக்கூடக் குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்றது. ஐ.நா.வின் 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் பேச்சு கேட்கப்பட வேண்டும் என்கிறது. ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காததால் வருடக்கணக்கில் வன்மம் வைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்ட பெற்றோரோடு அப்புறம் ஒரு வார்த்தை நிதானமாகப் பேச முடியாது.

எவ்வளவு தண்டனை சரி?

என் கணக்கு இது. முதல் தடவை, சீசன் ஆட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கு. 10 மேட்ச் இருந்தால் 2. இரண்டாவது தடவை பாதி. மூன்றாவது தடவை அந்த வருடம் முழுக்க ஆட்டம் இல்லை. சீசன் முடியப் போகும் நேரத்தில் மாட்டினால் மீதியை அடுத்த சீசனில் கழிக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி வாரம் திருவிழா ஆகிவிடும். நாட்கணக்கில் வைக்காதீர்கள். மேட்ச் இல்லாத இரண்டு வாரம் சஸ்பெண்ட் ஆவது சும்மா ஓய்வு.

இந்தக் காலம் முழுவதும் அவன் பிராக்டிஸுக்கு வந்தே ஆக வேண்டும், மேட்ச் அன்று ஜெர்ஸி இல்லாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். அணியை விட்டு வெளியே தள்ளினால் மாலை ஐந்து மணிக்கு அவன் எங்கே போவான்? சிகரெட் கொடுத்த கூட்டத்துக்குத்தான். எடுத்த எடுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்புவதை நான் ஆதரிக்காததற்கும் இதுதான் காரணம். சிறியவர்களுக்கு விற்றவன், விநியோகித்தவன் என்றால் கதை வேறு. அவனுக்கு முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

நாளைக்கு ஃபைனல். மாட்டியிருப்பவன் அணியின் சிறந்த ஆட்டக்காரன். என்ன செய்ய?

ஒரு கோச் இரவு பதினொரு மணிக்கு ஃபோன் செய்து இதைக் கேட்டார். பதில் அவருக்கே தெரியும். யாராவது வேறு மாதிரி சொல்ல மாட்டார்களா என்றுதான் அழைத்திருந்தார்.

நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். அரையிறுதிக்கு அரை மணி நேரம் முன்பு, உடை மாற்றும் அறைக்குப் பின்னால் என் கோல்கீப்பர் நின்றுகொண்டிருந்தான். வாடையே காட்டிக்கொடுத்தது. "முகத்தைக் கழுவிக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். ஜெயித்தோம். அடுத்த சீசனில் மாற்று ஆட்டக்காரன் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்து இரண்டு மேட்ச் தடை என்றேன். அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சார், கோல்கீப்பருக்கு வேற விதியா?" என்று கேட்டான். பின்னால் நின்ற பதினான்கு பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அணிக்கு எல்லாம் தெரியும். கோச்சுக்குத்தான் அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியாது.

ஆகவே, உட்கார வையுங்கள். தோற்றால் தோற்றுப் போகட்டும்.

நானே வந்து ஒப்புக்கொண்டால் குறையுமா?

குறைய வேண்டும், அதுவும் எழுத்தில். யாரும் பிடிப்பதற்கு முன்னால் வந்து சொன்னால் முதல் தடவைக்கு ஆட்டத் தடை பாதியாகலாம். நான் இருந்தால் தடையே இல்லாமல், விடுவதற்கான உதவியில் சேர வேண்டும் என்பதோடு நிறுத்துவேன். ஆனால் இந்தச் சலுகை ஒரு தடவைதான். ஃபோட்டோ எல்லார் ஃபோனிலும் சுற்ற ஆரம்பித்த பிறகு ஓடி வந்து சொல்வது ஒப்புக்கொள்வதில் சேராது.

கூட விளையாடுகிறவன் பிடிப்பதைப் பார்த்தேன். சொன்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

முதலில் அவனிடமே பேசு. "நீயா போய்ச் சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்று ஒரு வாரம் அவகாசம் கொடு. இது நண்பனுக்கான பதில். நீ கேப்டன் என்றால் அந்த ஒரு வாரம்கூட உனக்கு இல்லை. கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு பார்க்காத மாதிரி இருந்தால், சின்னப் பையன்கள் அதை அனுமதி என்றே எடுத்துக்கொள்வார்கள். யார் சொன்னது என்று கோச் எக்காரணம் கொண்டும் வெளியே விடக் கூடாது. ஒரு பெயர் ஒரு தடவை கசிந்தாலே அடுத்து யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

சில பள்ளிகளில் உடன் நின்றாலே குற்றம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எச்சரித்து அனுப்பினால் போதும். அடுத்த தடவையும் அதே இடத்தில் நின்றால் பேச்சு மாறும்.

சோதனை வைத்துக் கண்டுபிடிக்கலாமே?

முடியும். நிகோட்டின் உடம்பில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆனால் அது சிதைந்து உருவாகும் கோட்டினின் பாதியாக 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் சில நாட்கள் வரை எச்சிலிலோ சிறுநீரிலோ தெரியும். சிக்கல் என்னவென்றால், பழக்கத்தை விடுவதற்காக நிகோட்டின் கம் மெல்கிறவனுக்கும் அதே கோட்டினின்தான் வரும். வீட்டில் அப்பா விடாமல் புகைத்தால் பிள்ளையின் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். கண்ணால் பார்த்ததையும் கையில் பிடித்ததையும் வைத்தே நடத்த முடிகிற விதிக்கு இவ்வளவு தூரம் போவானேன் என்பது என் கருத்து.

ஒருவன் தப்புக்கு அணி முழுவதையும் ரவுண்டு ஓட விடலாமா?

கூடாது. ஓட்டத்தையே தண்டனையாக்கிவிட்டு, அப்புறம் ஓட்டத்தை விரும்பு என்றால் எப்படி?

கோச்சே புகை பிடிக்கிறாரே?

அப்படியானால் அவர் பெயரையும் விதியில் சேருங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. பயிற்சியிலும் போட்டியிலும் மாணவர்களுக்கு மட்டுமின்றி கோச்சுகளுக்கும் ஆட்ட அலுவலர்களுக்கும் புகையிலையைத் தடுத்திருக்கிறது. வாசலுக்கு வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் பிள்ளைகளுக்கு மூக்கு இருக்கிறது.

பெற்றோராக நாங்கள் கோச்சிடம் பேசி இந்த ஒரு தடவை விட்டுவிடச் சொல்லலாமா?

விசாரணை சரியாக நடந்ததா, எல்லாருக்கும் இதே தண்டனைதானா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. தண்டனையையே தள்ளுபடி செய்யச் சொல்லாதீர்கள். அடிப்பதும் வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். அன்றைய இரவு ஒரே ஒரு கேள்வி போதும்: "எத்தனை நாளா?" பதில் ஒரு வாரமா ஒரு வருடமா என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். ஒரு வருடம் என்றால் அறிவுரையால் தீராது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விட நினைக்கிறேன், முடியவில்லை.

முடியாததில் ஆச்சரியம் இல்லை. கடைசியாகப் பிடித்த சில மணி நேரத்திலேயே எரிச்சலும் தவிப்பும் ஆரம்பிக்கும். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம். அப்போது தூக்கம் கெடும், பசி கூடும், பிராக்டிஸில் சின்ன விஷயத்துக்கும் சண்டை வரும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான் நிற்கும், அதற்குள் எழுந்து நட, தண்ணீர் குடி, யாருக்காவது ஃபோன் செய். கோச்சிடம் தேதியைச் சொல்லிவிடு. அந்த வாரம் நீ முறைத்தால் ஏன் என்று அவருக்குப் புரியும். 18 வயதுக்குட்பட்டவர்கள் நிகோட்டின் கம்மோ பேட்ச்சோ மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஆட்டக்காரனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு, பலன் சீக்கிரம் தெரியும். நிறுத்திய 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வந்துவிடும். 2 முதல் 12 வாரத்துக்குள் ரத்த ஓட்டமும் நுரையீரலின் வேலையும் தேறும். சீசன் நடுவில் விட்டவனுக்கு சீசன் முடிவதற்குள்ளேயே மூச்சு திரும்பும்.

உதவியில் சேர்ந்த பிறகு வழுக்கி ஒன்று பிடித்துவிட்டு, அதையும் வந்து சொன்னால்? புதிய குற்றமாக எண்ணாதீர்கள் என்பேன். பல கோச்சுகள் இதில் என்னோடு சண்டை போடுகிறார்கள். ஏமாற்றுவதற்கு இடம் கொடுக்கிறது என்கிறார்கள். கொஞ்சம் கொடுக்கத்தான் செய்கிறது.

தடை முடிந்து திரும்பி வந்தால் பழைய இடம் கிடைக்குமா?

அணியில் இடம் கிடைக்கும். ஆடும் பதினொன்றில் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நீ பெஞ்சில் இருந்தபோது உன் இடத்தில் ஆடியவன் நன்றாக ஆடியிருந்தால் அது அவன் இடம், நீ ஆடி மீட்டுக்கொள். ஆனால் பழையதைக் குத்திக்காட்டி உன்னை வெளியே வைத்தால் அது இரண்டாவது தண்டனை. அதைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டு போ. திரும்பி வரும் நாளில் கோச் பேச்சு எதுவும் பேச வேண்டாம். ஜெர்ஸியைக் கையில் கொடுத்து, வார்ம்-அப்புக்கு வரிசையில் நிற்கச் சொன்னால் போதும்.